சைக்கிள் ஹேண்டில் வயிற்றில் குத்தினால்

சேலம் அம்மாப்பேட்டையில் அப்பா காலத்திலிருந்தே எங்களுக்குச் சைக்கிள் கடை. அப்போது வாடகை சைக்கிள். இப்போது பஞ்சர், வீல் கோட்டம், பிரேக் வேலை, அப்புறம் பள்ளிக்கூடப் பசங்களின் கியர் சைக்கிளோடு மல்லுக்கட்டு. மருத்துவம் பற்றி எழுத உனக்கென்ன தகுதி என்று கேட்டால் ஒன்றும் இல்லை. ஹேண்டில் பாரைப் பற்றி எழுதத் தகுதி உண்டு. இந்தப் பதிவில் பாதி அதுதான்.

தங்கச்சி வீடு ஏற்காட்டில், நாகலூர் பக்கம். காபித் தோட்டத்துக்கு நடுவே சரிவாக இறங்கும் ரோடு. அவள் பையன் நான்காம் வகுப்பு படிக்கும்போது யாரோ விற்ற பழைய சைக்கிளை மச்சான் வாங்கிக் கொடுத்திருந்தார். சரிவுப் பக்கம் போகக்கூடாது என்பது தங்கச்சியின் உத்தரவு. போனான். பெரிய வேகமெல்லாம் இல்லை. திருப்பத்தில் சில்வர் ஓக் சருகு கிடந்தது, முன்சக்கரம் வழுக்கியது, விழுந்தான். அவ்வளவுதான். முட்டியில் சிராய்ப்புகூட இல்லை.

சைக்கிள் வழுக்கும்போது என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். முன்சக்கரம் சட்டென்று குறுக்கே திரும்பிவிடும். அப்போது ஹேண்டிலின் ஒரு முனை தரையில் ஊன்றி நிற்கும்; மறுமுனை ஓட்டுகிறவனின் வயிற்றுக்கு நேராக வரும். பையனின் மொத்த எடையும் அந்த முனையில் போய் இறங்கும். ஹேண்டில் குழாயின் விட்டம் 22 மில்லிமீட்டர். மலிவான சைக்கிளில் வரும் மெல்லிய ரப்பர் கிரிப், வண்டி நாலு தடவை கீழே விழுந்தாலே முனையில் கிழிந்துவிடும். அப்புறம் மிஞ்சுவது வெறும் இரும்புக் குழாயின் விளிம்பு. இவன் சைக்கிளில் வலப்பக்கம் அப்படித்தான் இருந்தது. ஊருக்குள் ஓடும் பிள்ளைகளின் சைக்கிளில் பாதிக்கு மேல் இந்த லட்சணம்தான். சந்தேகமிருந்தால் உங்கள் வீட்டு வாசலில் நிற்பதைப் போய்ப் பாருங்கள்.

அன்று ராத்திரி வயிறு வலிக்கிறது என்றான். மறுநாள் வலி குறைந்து விளையாடவே போய்விட்டான். அதற்கடுத்த நாள் காலையில் பச்சையாக வாந்தி. ஏற்காட்டிலேயே பார்த்த டாக்டர் கேஸ் டிரபிள் என்று மருந்து கொடுத்து அனுப்பிவிட்டார். அவரை மட்டும் குறை சொல்லிப் புண்ணியமில்லை, சைக்கிளில் விழுந்த கதையைப் பையன் யாரிடமும் மூச்சுவிடவில்லை. சொன்னால் அம்மாவிடம் அடி விழும்.

சாயங்காலம் வலி தாங்காமல் சுருண்டு படுத்துவிட்டான். ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்க இருபது கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொரு வளைவிலும் ஜீப் திரும்பும்போது வயிற்றைப் பிடித்துக்கொண்டு முனகினான் என்று தங்கச்சி இப்போதும் சொல்வாள். நான் அடிவாரத்தில் ஏறிக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் சின்ன வயசு டூட்டி டாக்டர் ஒரு அம்மா. சட்டையைத் தூக்கிப் பார்த்தார். தொப்புளுக்கு மேலே, ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு, நடுவில் வெளுத்து ஓரம் மட்டும் சிவந்த ஒரு வட்டம். நாங்கள் அதைப் பூச்சிக்கடி என்று நினைத்திருந்தோம். அவர் ஒரே கேள்விதான் கேட்டார்.

"கண்ணு, சைக்கிள்ல இருந்து விழுந்தியா?"

பையன் அம்மாவைப் பார்த்தான். அப்புறம் தலையாட்டினான்.

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. கணையத்தில் அடிபட்டால் ரத்தத்தில் ஏறும் செரிமானச் சரக்குகளான அமைலேஸ், லைபேஸ் இரண்டும் எக்கச்சக்கம். சிடி ஸ்கேனில் கணையம் நடுவில் குறுக்காக அறுந்திருந்தது. கணையம் இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்பின் மேல் குறுக்கே படுத்திருக்கும் உறுப்பு. முன்னாலிருந்து ஹேண்டில் அழுத்த, பின்னால் எலும்பு விட்டுக்கொடுக்காமல் நிற்க, நடுவில் மாட்டியது நசுங்கிவிடும். குழந்தைகளுக்கு வயிற்றுத் தசையும் கொழுப்பும் மெல்லியது. விலா எலும்பு வளைந்து கொடுக்கும். அதனால் அடி தோலில் தங்காமல் நேராக உள்ளே போய்விடுகிறது. கசியும் கணைய நீர் சோற்றையும் கறியையும் கரைக்கும் சரக்கு, உள்ளேயே தேங்கினால் சும்மா இருக்குமா? முதல் சில மணி நேரத்தில் ரத்த டெஸ்ட் எடுத்தால் சரியாக இருப்பதாகக்கூடக் காட்டலாம், முதல் ஸ்கேனிலும் தவறிப் போகலாம், நடுவில் ஒரு நாள் நன்றாக இருப்பதும் வழக்கம்தான் என்று குழந்தைகள் அறுவை மருத்துவர் சொன்னார்.

பிள்ளைகளுக்கு இப்படி ஆவது அபூர்வம். அதனாலேயே என்ன செய்வது என்பதில் டாக்டர்களுக்குள் இரண்டு கட்சி. கணையத்தின் உள்ளே ஓடும் பெரிய குழாய் அறுபடாமல் இருந்தால் பட்டினி போட்டு, டிரிப் ஏற்றிக் காத்திருந்தால் போதும், தானே ஆறும். அறுந்திருந்தால்? சீக்கிரம் ஆபரேஷன் செய்துவிடலாம் என்பது ஒரு கட்சி. டியூப் போட்டு வடிய விடலாம், எண்டோஸ்கோப்பி வழியாகக் குழாயில் ஸ்டென்ட் வைக்கலாம், நீர்க்கட்டி உருவானால் பிறகு அதை இரைப்பைக்குள் வடித்துவிடலாம் என்பது இன்னொரு கட்சி. இவனுக்குக் குழாய் முழுசாக அறுந்திருந்தது. அந்த டாக்டர் முதல் கட்சி. இதையெல்லாம் கேஸ் ஷீட்டின் பின்பக்கம் பேனாவால் வரைந்து காட்டினார். ஒரு பொருளைப் பிரித்துக் காட்டிச் சொல்பவர்கள் மேல் எனக்குத் தனி மரியாதை. தங்கச்சி, "கொளந்தை வயித்தைக் கிழிக்காம பாக்க முடியாதாண்ணா?" என்று என்னிடம் அழுதாள். என்னிடம் என்ன பதில் இருக்கிறது?

அறுந்த இடத்துக்கு இடப்பக்கம் இருக்கும் வால் பகுதியை எடுத்துவிட்டு, மீதியின் வாயைத் தைத்து மூடுவதுதான் ஆபரேஷன். கேட்க எளிது. மண்ணீரலுக்குப் போகும் ரத்தக் குழாய்கள் அந்த வாலை ஒட்டியே ஓடுகின்றன. அவற்றிலிருந்து கணையத்துக்குப் பிரியும் நூல் போன்ற கிளைகளை ஒவ்வொன்றாகக் கட்டிப் பிரித்தால்தான் மண்ணீரல் பிழைக்கும். மண்ணீரலையும் சேர்த்து எடுத்துவிட்டால் வேலை சீக்கிரம் முடியும். ஆனால் அதைக் காப்பாற்றவே முயற்சி செய்வேன் என்றார். ராத்திரிவரை உள்ளே இருந்தார்கள். காப்பாற்றிவிட்டார்கள்.

மண்ணீரலுக்கு ஏன் இத்தனை மெனக்கெடல் என்று கடையை மூடிய பிறகு உட்கார்ந்து படித்தேன். முன்பெல்லாம் மண்ணீரல் கிழிந்தால் யோசிக்காமல் எடுத்துவிடுவார்களாம். 1952இல் கிங், ஷூமேக்கர் என்ற இரண்டு அமெரிக்க டாக்டர்கள், மண்ணீரல் எடுக்கப்பட்ட கைக்குழந்தைகள் கடுமையான தொற்றுக்கு ஆளாவதை எழுதினார்கள். 1968இல் டொரண்டோ குழந்தைகள் மருத்துவமனையிலிருந்து, அடிபட்ட மண்ணீரல் கத்தி படாமலே ஆறும் என்று கட்டுரை வந்தது. அதை எழுதிய இருவரில் ஒருவர் பி. உபாத்யாயா, நம் நாட்டுக்காரர், பிறகு டெல்லி எய்ம்ஸில் குழந்தைகள் அறுவைப் பிரிவில் இருந்தவர். இன்று உலகம் முழுக்க மண்ணீரலிலும் ஈரலிலும் அடிபட்ட பிள்ளைகளில் பெரும்பாலோரைக் கத்தி வைக்காமல் படுக்கையில் வைத்தே பார்க்கிறார்கள். நம் ஆள் ஒருவர் இதில் இருந்தார் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

இதைவிட அபூர்வமான ஒன்றையும் அந்த டாக்டர் சொன்னார். ஹேண்டில் குத்திய இடத்தில் தோல் கிழியாது. அடியில் தசை மட்டும் கிழிந்து, அந்த ஓட்டை வழியாகக் குடல் தோலுக்குக் கீழே வந்து நிற்கும். பிள்ளை அழுதால், இருமினால் புடைக்கும். ரத்தக் கட்டு என்று நினைத்து ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். அடிபட்டு வரும் இந்தக் குடலிறக்கம் முதன்முதலாகப் பதிவானது 1906இல். ஹேண்டில் குடலிறக்கம் என்ற பெயர் 1980இல்தான் வந்தது. குடலில் ஓட்டை ஏதும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தசையை அடுக்கு அடுக்காகத் தைப்பார்களாம்.

ஆபரேஷனுக்குப் பிறகான நாட்கள்தான் இழுவை. மூக்கில் ஒரு டியூப், வயிற்றிலிருந்து நீர் வடிய ஒரு டியூப், வாய்க்கு ஒன்றும் கிடையாது. நர்ஸ் தினமும் பையில் வடிந்ததை அளந்து எழுதுவார், கணைய நீர் இன்னும் கசிகிறதா என்று அதிலும் அமைலேஸ் பார்ப்பார்கள். பக்கத்துப் படுக்கைக்கு இட்லி வந்தால் இவன் போர்வையை இழுத்து மூடிக்கொள்வான். பணத்துக்கு முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தது, பிழைத்தோம். டிஸ்சார்ஜ் அன்று தங்கச்சி ரொம்ப யோசித்து ஒன்று கேட்டாள். "சார், பெரியவனானா இவனுக்குச் சக்கரை வந்துருங்களா?" இன்சுலின் சுரக்க மீதி இருக்கும் கணையமே போதும், பெரும்பாலும் வராது, வருஷத்துக்கு ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்.

1998இல் ஃபிலடெல்ஃபியாவில் ஃபிளோரா வின்ஸ்டன் என்ற டாக்டர் குழுவாக ஒரு ஆய்வு செய்திருக்கிறார். ஹேண்டில் குத்தி மோசமாக அடிபட்ட பிள்ளைகளில் பெரும்பாலோர் கார் மோதி விழுந்தவர்கள் அல்ல. சும்மா தடுமாறி விழுந்தவர்கள். காயம் பெரியது என்று தெரியவே சராசரியாக ஏறக்குறைய ஒரு நாள் ஆகியிருக்கிறது. குத்தினால் உள்ளே வாங்கிக்கொள்ளும் ஹேண்டிலைக்கூட அந்தக் குழு வடிவமைத்துப் பார்த்தது. என் கடைக்கு அது இன்னும் வரவில்லை.

அதனால் என்னால் முடிந்ததைச் செய்கிறேன். முனை தடியாக மூடிய கிரிப், அதற்குள் ஒரு பிளாஸ்டிக் அடைப்பான். கைப்பிடி கிழிந்த பிள்ளை சைக்கிள் எது வந்தாலும் கேட்காமலே மாற்றிவிடுவேன். இதற்குப் போய்க் காசா என்று முறைப்பவர்கள் உண்டு. அவர்களிடம் நான் வாயைக் கொடுப்பதில்லை. "வளர்ற பையன்தானே" என்று இரண்டு சைஸ் பெரிய சைக்கிள் வாங்கித் தருபவர்களிடம்தான் எனக்குச் சண்டை. கால் எட்டாத பிள்ளை வழுக்கினால் எதை ஊன்றும்? வயிற்றில் குத்தியிருந்தால் டாக்டரிடம் முதலில் வலியைச் சொல்லாதீர்கள், ஹேண்டில் குத்தியதைச் சொல்லுங்கள். வட்டத் தழும்பு இருந்தால் காட்டுங்கள்.

பையன் இப்போது ஏழாவது. போன தடவை சர்க்கரை டெஸ்ட் நார்மல். டெஸ்டுக்காகச் சேலம் இறங்கினால் தட்டுவடை செட் வாங்கிக் கொடுக்காமல் பஸ் ஏறமாட்டான். புதுச் சைக்கிளுக்கு என்னை அம்மாவிடம் தூது அனுப்பிக்கொண்டிருக்கிறான். அவன் உயரத்துக்குப் பார்த்து ஒன்று எடுத்து, பிரேக்கும் கிரிப்பும் மாற்றிக் கடையில் வைத்திருக்கிறேன். போனில் விஷயத்தை மெல்ல ஆரம்பித்தேன்.

"பேசாம அவனுக்கு ஒரு கேரம்போர்டு வாங்கிக் குடுண்ணா" என்று வைத்துவிட்டாள்.