தராசுக்கு ஓட்டுப் போட்ட வீடு

2015 ஜூலை 28, செவ்வாய்

துணைப் பிரதமர் முகிடின் யாசினைப் பதவியிலிருந்து தூக்கிவிட்டார்கள். மத்தியானச் செய்தியில் கேட்டதும் கையிலிருந்த கரண்டியை அப்படியே வைத்துவிட்டேன். சட்டத்துறைத் தலைவர் அப்துல் கனி பட்டாயிலையும் மாற்றியாகிவிட்டது. அவருக்கு உடல்நலக் குறைவாம். நேற்று முதல் 'தி எட்ஜ்' பத்திரிகைக்கு மூன்று மாதத் தடை. மலேசிய அரசாங்கத்தின் 1எம்டிபி நிறுவனத்தைப் பற்றித் துருவித் துருவி எழுதிய பத்திரிகை அது.

இந்த மாத ஆரம்பத்தில்தான் 'வால் ஸ்திரீட் ஜர்னல்' எழுதியது, பிரதமர் நஜிப்பின் சொந்த வங்கிக் கணக்குக்கு ஏறக்குறைய 700 மில்லியன் டாலர் போயிருக்கிறது என்று. நம் காசுக்கு 2.6 பில்லியன் வெள்ளி. 2009-இல் நாட்டு வளர்ச்சிக்கென்று தொடங்கிய அந்த 1எம்டிபி நிறுவனத்துக்கு இன்று 42 பில்லியன் வெள்ளி கடன் என்கிறார்கள். கேள்வி கேட்டவர்கள் எல்லாம் ஒரே வாரத்தில் வீட்டுக்குப் போகிறார்கள்.

என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "பொறுத்துப் பார்ப்போம். வெள்ளைக்காரன் பத்திரிகை எழுதிட்டா அது வேதவாக்கா?" என்றார். 22 வருடம் ம.இ.கா. என்ற மலேசிய இந்தியர் காங்கிரஸில் கிளைச் செயலாளராக இருந்தவர். வேறு எப்படிப் பேசுவார்? எங்கள் வீட்டில் ஓட்டு என்றால் ஆளும் கூட்டணியான தேசிய முன்னணியின் தராசுச் சின்னம்தான். அப்பா காலத்தில் அது பாய்மரக் கப்பல். காப்பார் பக்கம் தோட்டத்தில் பால் மரம் சீவிய மனிதர். ஓட்டுப் போடும் நாளில் மட்டும் செருப்புப் போட்டுக்கொண்டு போவார்.

2016 ஜனவரி 26, செவ்வாய்

புதிய சட்டத்துறைத் தலைவர் அபாண்டி அலி அறிவித்துவிட்டார். பிரதமர் மேல் குற்றமில்லை. 681 மில்லியன் டாலர் சவூதி அரச குடும்பம் கொடுத்த நன்கொடை. அதில் 620 மில்லியனைத் திருப்பிக் கொடுத்தாகிவிட்டது. கோப்பு மூடப்பட்டது.

எனக்கு 1989 ஞாபகம் வந்துவிட்டது. அப்போது நான் வேலை பார்த்த பள்ளியில் கூட்டுறவுக் கடைக் கணக்கு என் பொறுப்பில் இருந்தது. வருடக் கடைசியில் 38 வெள்ளி 50 காசு குறைந்தது. பென்சில், அழிப்பான் விற்ற காசு. எங்கே தவறியது என்று இன்றுவரை தெரியாது. என் சம்பளத்திலிருந்து கட்டினேன். அதற்குப் பிறகும் விளக்கக் கடிதம் கேட்டார்கள். இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தேன். எழுதும்போது கை நடுங்கியது. அதில் தப்பு ஒன்றும் இல்லை, பொதுக் காசு என்றால் அப்படித்தான் கேட்க வேண்டும். கேட்டதற்காக அன்று யார் மேலும் எனக்குக் கோபம் வரவில்லை.

இன்றைக்கு வருகிறது.

2016 ஜூலை 21, வியாழன்

அமெரிக்க நீதித்துறை வழக்குப் போட்டிருக்கிறது. 1எம்டிபி பணத்தில் 3.5 பில்லியன் டாலருக்கு மேல் திருடப்பட்டதாம். அந்தப் பணத்தில் பெவர்லி ஹில்ஸில் மாளிகை, ஓவியங்கள், ஒரு ஹாலிவுட் படத்துக்கு முதலீடு. பினாங்குப் பையன் ஜோ லோவின் பெயர் பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. இன்னொருவரை 'மலேசிய அதிகாரி 1' என்று மட்டும் குறிப்பிட்டிருக்கிறார்கள். அது யார் என்று எங்கள் வீட்டில் யாரும் யாரையும் கேட்கவில்லை. அவர் இரவுச் செய்தியை முழுக்கப் பார்த்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் படுக்கப் போனார்.

2018 மே 9, புதன்

வேலை நாளில் தேர்தல் வைத்தார்கள். ஆனாலும் ஜனங்கள் வந்தார்கள். சிங்கப்பூரிலிருந்து எங்கள் மகன் ராத்திரியோடு ராத்திரியாகக் கார் ஓட்டிக்கொண்டு வந்து சேர்ந்தான்.

காலை ஏழரைக்கே வரிசை பள்ளிக்கூட வாசலைத் தாண்டிச் சாலை வரை வந்துவிட்டது. எனக்கு முன்னால் பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா மக்சிக், சக்கர நாற்காலியில். மகள் தள்ளிக்கொண்டு வந்தாள். மக்சிக் என் கையைப் பிடித்து, "சோப்பு வாங்கினாலும் வரி, சிக்கு" என்றார் மலாயில். ஆசிரியை என்பதால் எனக்கு அந்த வட்டாரத்தில் சிக்கு என்றே பெயர். 2015 ஏப்ரல் முதல் பொருள் சேவை வரி, அதாவது ஜிஎஸ்டி, 6 விழுக்காடு. இங்கே யாருக்கும் 1எம்டிபி கணக்கு முழுசாகப் புரியாது. ரசீதின் அடியில் அச்சாகிற அந்த 6 எல்லாருக்கும் புரிந்தது. நாம் கட்டுவது எங்கே போகிறது என்ற கேள்வி அங்கிருந்துதான் தொடங்கியது.

அவர் தேர்தலுக்குத் தேர்தல் வெள்ளைச் சட்டைதான் போடுவார், நான்தான் முதல் நாள் இரவே கஞ்சி போட்டு இஸ்திரி பண்ணி வைப்பேன். இன்று காலை அந்தச் சட்டை கொடியில் அப்படியே தொங்கியது. நீலக் கட்டம் போட்ட பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பினார். நான் எதுவும் கேட்கவில்லை.

இரவு பத்து மணிக்கு மேல் தேர்தல் ஆணையம் முடிவுகளை இழுத்தடித்தது. தொலைக்காட்சியில் எண்ணிக்கை நகரவே இல்லை. மகன் கைப்பேசியில் வருவதைச் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தான். ஆட்சி அமைக்க 112 வேண்டும். நள்ளிரவு தாண்டி, எதிர்க்கட்சிகளின் நம்பிக்கைக் கூட்டணி அதைத் தாண்டிவிட்டது என்று தெரிந்தபோது தெருவில் யாரோ பட்டாசு கொளுத்தினார்கள். சுதந்திரம் வாங்கியதிலிருந்து 61 வருடம் ஒரே கூட்டம் ஆண்ட நாடு.

அப்போதுதான் அவர் சொன்னார். "நான் இன்னைக்குத் தராசுக்குப் போடல மா." குரல் உடைந்துவிட்டது. செத்துப்போன நண்பரைப் பற்றிப் பேசுகிறவர் மாதிரி இருந்தது. மகன் எழுந்து போய் அவர் தோளைப் பிடித்துக்கொண்டான்.

2018 மே 11, வெள்ளிக்கிழமை

மகாதீர் நேற்றிரவு பிரதமராகப் பதவிப் பிரமாணம் எடுத்தார். 92 வயது. முன்பு 22 வருடம் ஆண்டபோது 1987-இல் ஓப்பராசி லாலாங்கில் ஆட்களைப் பிடித்து உள்ளே போட்டவரும் இவர்தான். அதை நான் மறக்கவில்லை. இருந்தாலும் இன்று மனசு லேசாக இருக்கிறது. அப்படியே எழுதி வைக்கிறேன்.

2018 மே 18, வெள்ளிக்கிழமை

நஜிப் குடும்பத்தோடு தொடர்புடைய கோலாலம்பூர் பெவிலியன் அடுக்குமாடி வீடுகளிலிருந்து போலீஸ்காரர்கள் பெட்டி பெட்டியாக இறக்குகிறார்கள். கைப்பைகள் இருந்த பெட்டிகள் மட்டும் 284. பணமும் நகையும் இருந்த பைகள் 72. கடைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போகிறார்கள், நாம் அரிசி மூட்டை தள்ளுகிற அதே வண்டி.

2018 ஜூன் 1, வெள்ளிக்கிழமை

ஜிஎஸ்டி பூஜ்யம். சோப்பும் பிஸ்கட்டும் வாங்கிய ரசீதை இந்தப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன்.

2018 ஆகஸ்ட் 12, ஞாயிறு

ஜோ லோ 1எம்டிபி பணத்தில் வாங்கியதாகச் சொல்லப்படும் கப்பல் எங்கள் ஊருக்கே வந்துவிட்டது. 'எக்குவானிமிட்டி' என்று பெயர், 91 மீட்டர் நீளம், விலை 250 மில்லியன் டாலர். இந்தோனேசியா பிடித்து ஒப்படைத்து, செவ்வாய்க்கிழமை இண்டா தீவுத் துறைக்குக் கொண்டுவந்தார்கள். பார்க்க வேண்டும் என்று அவர்தான் சொன்னார்.

கேட்டுக்கு அப்பால் விடவில்லை. தூரத்தில் மேல்தளம் மட்டும் தெரிந்தது, வெயிலில் கண் கூசுகிற வெள்ளை. வேலி ஓரமாக எங்களை மாதிரி ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். லோரி ஓட்டும் தம்பி ஒருவர் தன் சின்ன மகளைத் தோளில் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தார். "யாரு கப்பல்பா?" என்றாள் குழந்தை. "நம்ம கப்பல்தான்" என்றார் அவர். விளையாட்டாகச் சொல்லவில்லை. முகம் அப்படி இறுகிப்போய் இருந்தது.

திரும்பி வரும்போது ஒட்டுக்கடையில் தே தாரே குடித்தோம். "கிளைக் கூட்டத்துக்கு மண்டபம் வாடகை 80 வெள்ளி. அதுக்கு நான் வீடு வீடா ரசீதுப் புத்தகம் தூக்கிட்டு அலைஞ்சேன்" என்றார். வேறு எதுவும் பேசவில்லை.

2019 மார்ச் 3, ஞாயிறு

செமினியே இடைத்தேர்தலில் தேசிய முன்னணி ஜெயித்துவிட்டது. பிரச்சாரத்தில் நஜிப் மோட்டார்சைக்கிளோடு படம் எடுத்துக்கொண்டார். 'மாலு ஆப்பா போஸ்கு', அதாவது என்ன வெட்கம் முதலாளி என்பது முழக்கம். பையன்கள் கூடி நின்று செல்ஃபி எடுக்கிறார்கள். நான் பாடம் சொல்லிக் கொடுத்த வயதுப் பையன்கள்.

அவர்களை மட்டும் குறை சொல்லவும் முடியவில்லை. புது அரசாங்கம் வந்து பத்து மாதம் ஆகிறது. பொருள் விலை இறங்கவில்லை. கொடுத்த வாக்குறுதிகளைப் பற்றிக் கேட்டால் நாட்டுக்கு ஒரு டிரில்லியன் கடன் என்கிறார்கள். எத்தனை மாதம் அதையே சொல்வார்கள்?

2020 மார்ச் 1, ஞாயிறு

நாங்கள் போட்ட ஓட்டு ஒரு வாரத்தில் போய்விட்டது. போன ஞாயிறு ஆளும் கூட்டணியில் ஒரு பகுதியினரும் எதிர்க்கட்சியினரும் ஷெரட்டன் ஹோட்டலில் கூடினார்கள், இன்று முகிடின் பிரதமர். நஜிப்பின் அம்னோ கட்சி மறுபடியும் ஆட்சியில். யாரும் எங்களிடம் வந்து கேட்கவில்லை. மகன் போன் பண்ணி, "ராத்திரி முழுக்கக் கார் ஓட்டிட்டு வந்தேனே மா" என்றான்.

2020 ஜூலை 28, செவ்வாய்

நஜிப் குற்றவாளி. ஏழு குற்றச்சாட்டுகள், ஏழிலும். 12 வருடச் சிறை, 210 மில்லியன் வெள்ளி அபராதம். நீதிபதி முகமட் நஸ்லான். சவூதி நன்கொடை என்று நம்பினேன் என்ற வாதத்தை அவர் ஏற்கவில்லை. மேல்முறையீடு வரை ஜாமீனில் வெளியே.

இந்த வழக்கு எஸ்ஆர்சி பணத்தைப் பற்றியது. எஸ்ஆர்சி 1எம்டிபி-யின் கிளையாகத் தொடங்கிய நிறுவனம். அதற்கு 2011, 2012-இல் 4 பில்லியன் வெள்ளி கடன் கொடுத்தது எது தெரியுமா? கே.வாப். அரசாங்க ஊழியர் ஓய்வூதியச் செலவுக்காகச் சேர்த்து வைத்த நிதி. அந்த எஸ்ஆர்சி-யிலிருந்துதான் 2014 டிசம்பர் கடைசியிலும் 2015 தொடக்கத்திலும் 42 மில்லியன் வெள்ளி நஜிப்பின் கணக்குக்குப் போனது. நான் ஓய்வு பெற்றது 2014. பிள்ளைகள் எனக்கு மாலை போட்டு வழியனுப்பி இரண்டு மாதம்கூட ஆகாத நேரம். கே.வாப் கடனுக்கு அரசாங்கம் உத்தரவாதம் கொடுத்திருந்தது, என் பென்ஷன் ஒரு மாதமும் தவறவில்லை, அது உண்மை. ஆனால் அந்த உத்தரவாதமும் மக்கள் பணம்தான். 32 வருடம் சாக்பீஸ் தூள் மூச்சில் போன ஆசிரியர்கள், ராத்திரி வேலை பார்த்த தாதிகள், தபால்காரர்கள் பெயரைச் சொல்லிச் சேர்த்த பணம்.

பழைய குறிப்பைப் புரட்டியபோதுதான் கவனித்தேன். முகிடினைத் தூக்கியதும் ஜூலை 28. சரியாக ஐந்து வருடம். அன்று தூக்கப்பட்டவர் இன்று பிரதமர். அவரைத் தாங்கி நிற்பது தண்டனை பெற்றவரின் கட்சி.

2022 ஆகஸ்ட் 23, செவ்வாய்

கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பை உறுதி செய்தது. தலைமை நீதிபதி துங்கு மைமூன் தலைமையில் ஐந்து பேர், ஒருமனதாக. சாயங்காலமே காஜாங் சிறைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். இந்த நாட்டில் முன்னாள் பிரதமர் ஒருவர் சிறைக்குப் போவது இதுதான் முதல் முறை.

அவர் ஸ்டோர் அறையைத் திறந்து பழைய பதாகைகளை வெளியே எடுத்தார். தராசு அச்சடித்த துணிகள், நல்ல கெட்டித் துணி. வெட்டி வாழை மரத்தடியில் பூந்தொட்டிகளுக்கு நிழலாகக் கட்டினார். உறுப்பினர் அட்டையை மட்டும் திரும்ப மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினார்.

2022 நவம்பர் 24, வியாழன்

அன்வார் பிரதமர். எத்தனை வருடம் காத்திருந்தோம். ஆனால் யாருக்கும் பெரும்பான்மை இல்லை, அதனால் 30 இடம் பிடித்த தேசிய முன்னணியையும் சேர்த்துக்கொண்டு ஆட்சி. வேறு வழியில்லை என்கிறான் மகன். இருக்கலாம். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

2023 ஆகஸ்ட் 12, சனி

சிலாங்கூர் சட்டமன்றத் தேர்தல். ஒரே பதாகையில் நம்பிக்கைக் கூட்டணியின் சின்னமும் தராசும். ம.இ.கா. போட்டியிடவே இல்லை. அவர் பதாகைக்கு முன்னால் ரொம்ப நேரம் நின்றார். "அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி நான் எதை விட்டுட்டு வந்தேன் மா?" என்றார். பதில் சொல்லத் தெரியவில்லை. கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனேன்.

பேத்திக்கு இது முதல் ஓட்டு. இப்போது 18 வயதானாலே பெயர் தானாகப் பட்டியலில் ஏறிவிடுகிறது. "எதுக்குப் பாட்டி? எல்லாரும் ஒண்ணுதானே" என்று அறையை விட்டு வெளியே வரவில்லை.

2023 செப்டம்பர் 4, திங்கள்

துணைப் பிரதமர் ஸாகிட் ஹமிடி மீது 47 குற்றச்சாட்டுகள் இருந்தன. எதிர்வாதம் செய்யச் சொல்லி நீதிமன்றமே உத்தரவிட்ட வழக்கு. இன்று அரசுத் தரப்பே நிறுத்தச் சொல்ல, நீதிமன்றம் அவரை விடுவித்தது. முழு விடுதலை ஆகாதாம், ஆனால் வீட்டுக்குப் போகலாமாம்.

2024 பிப்ரவரி 2, வெள்ளிக்கிழமை

மன்னிப்பு வாரியம் நஜிப்பின் தண்டனையைப் பாதியாக்கிவிட்டது. 12 வருடம் 6 ஆனது. 210 மில்லியன் அபராதம் 50 மில்லியன் ஆனது. அபராதத்தைக் கட்டிவிட்டால் 2028 ஆகஸ்டில் வெளியே வரலாமாம். ஏன் குறைத்தார்கள் என்று அறிக்கையில் ஒரு வரி இல்லை.

38 வெள்ளி 50 காசுக்கு என்னிடம் இரண்டு பக்கம் கேட்டார்கள். 160 மில்லியன் குறைந்ததற்கு எங்களுக்கு யாராவது அரைப் பக்கமாவது எழுத வேண்டாமா?

அவரிடம் சொன்னபோது செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. பதாகைத் துணி வெயிலில் வெளுத்துப்போய், எது தராசு எது கறை என்று தெரியவில்லை.

பேத்தி கோலாலம்பூரில் படிக்கிறாள். வாட்ஸ்அப்பில் ஒரே ஒரு எண் அனுப்பியிருந்தாள்: 6. கீழே ஒன்றும் எழுதவில்லை. நான் நீளமாக எழுதினேன், அழித்தேன், மறுபடி எழுதினேன். கடைசியில், "அடுத்த தேர்தலுக்கும் நான் காலை ஏழரைக்கு வரிசையில் நிற்பேன். உனக்கும் சேர்த்துப் பசியாற வாங்கி வைக்கிறேன்" என்று அனுப்பினேன்.

நீலக் கோடு விழுந்துவிட்டது. பதில் இன்னும் வரவில்லை.