செய்திக்கு ஒரு முகவரி வேண்டும்

எழுபதுகளில் எங்கள் ஊரில் கட்சிக்கொரு படிப்பகம் இருந்தது. ஓரிடத்தில் தி.மு.க.வின் முரசொலி கிடக்கும், இன்னோரிடத்தில் காங்கிரஸ் சார்பான நவசக்தி, மற்றோரிடத்தில் மார்க்சிஸ்ட் கட்சியின் தீக்கதிர். மூன்றையும் படித்துவிட்டு வருகிறவர், ஒரே பொதுக்கூட்டத்தை ஒரு பத்திரிகை மக்கள் வெள்ளம் என்றும் மற்றொன்று காலி மைதானம் என்றும் எழுதியிருப்பதைப் பார்த்து, யார் சொல்லில் எவ்வளவு கழித்துக்கொள்ள வேண்டும் என்பதைத் தானாகவே கற்றுக்கொண்டார். பத்திரிகைகள் அன்று நடுநிலையாக இருந்தன என்று நான் சொல்லவில்லை. ஆனால் எது யாருடைய குரல் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

நெருக்கடி நிலைக் காலத்தில், தணிக்கைக்கு நடுவிலும் அந்தப் பழக்கம் கைகொடுத்தது. விசாரணையின்றிச் சிறையில் வைக்க வழிசெய்த மிசா சட்டத்தில் கைதானவர்களின் பெயர்களை வெளியிட முடியாத நிலையில், 1976 பிப்ரவரி 3 அன்று, அண்ணா நினைவிடத்துக்கு மலர்வளையம் வைக்க வர இயலாதவர்கள் என்று முரசொலி ஒரு பட்டியல் வெளியிட்டது. படித்தவர்களுக்கு விளங்கிவிட்டது. 1984இல் இந்திரா காந்தி சுடப்பட்ட நாளிலும், ஆகாசவாணி அவருடைய மரணத்தை மாலையில்தான் அறிவித்தது, பி.பி.சி. கேட்டவர்களுக்கு அதற்குப் பல மணி நேரம் முன்பே தெரிந்திருந்தது. அன்றைய குறை, செய்தியை மறைத்தது அல்லது தாமதித்தது.

இன்று அவசரம் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. 2016 டிசம்பர் 5 மாலையில் சில தமிழ்த் தொலைக்காட்சிகள் ஜெயலலிதா காலமானதாக அறிவித்தன, கட்சி அலுவலகத்தில் கொடி அரைக்கம்பத்துக்கு இறங்கியது, மருத்துவமனை மறுத்ததும் மீண்டும் ஏறியது. அவர் இரவு 11.30 மணிக்கு மறைந்ததாக அதிகாரபூர்வ அறிவிப்பு பின்னர்தான் வந்தது. ஒரு மாநிலமே தன் முதலமைச்சரின் உயிரைப் பற்றி அப்படி அலைக்கழிக்கப்பட்டது கொடுமை.

ஆயினும் தொலைக்காட்சிக்காவது ஒரு பெயர் உண்டு, கேள்வி கேட்க ஓர் அலுவலகம் உண்டு. என்னை உண்மையில் அஞ்ச வைப்பது வாட்ஸ்அப் வழியே வருவது. 2018 மே மாதம், போளூரை அடுத்த அத்திமூர்ப் பகுதியில், குலதெய்வக் கோயிலுக்கு உறவினர்களோடு வந்த ஒரு முதிய பெண்மணி, குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்ததற்காகப் பிள்ளை பிடிப்பவர் என்று சந்தேகிக்கப்பட்டு அடித்தே கொல்லப்பட்டார். பிள்ளை பிடிக்கும் கும்பல் வந்திருக்கிறது என்ற வதந்தி அதற்கு முன்பே கைபேசிகளில் சுற்றிக்கொண்டிருந்தது. அதை அனுப்பியவர்கள் அண்ணன், மச்சான், சித்தப்பா. அனுப்பியவர் மேல் உள்ள நம்பிக்கை அப்படியே செய்தியின் மேல் ஏறிக்கொள்கிறது. முதலில் சொன்னவர் யார் என்று கேட்பதுகூட உறவை அவமதிப்பதாகத் தோன்றிவிடுகிறது. அதே ஆண்டு ஜூலையில், ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் முன்னனுப்ப முடியாதபடி வாட்ஸ்அப் நிறுவனம் இந்தியாவில் கட்டுப்பாடு கொண்டுவந்தது. அதனால் வேகம் குறைந்திருக்கலாம். செய்திக்குப் பெயரும் ஊரும் இல்லாத குறை அப்படியே இருக்கிறது.

2023 மார்ச்சில் பீகார்த் தொழிலாளர்கள் தமிழ்நாட்டில் தாக்கப்படுவதாகக் காணொளிகள் பரவியபோது, அவை போலியானவை என்று மாநிலக் காவல்துறை விளக்க வேண்டியதாயிற்று. திருப்பூரிலோ கோவையிலோ ஆலைப் பக்கம் வசிக்கும் ஒரு தெரிந்தவரைத் தொலைபேசியில் அழைத்திருந்தால், அக்கம்பக்கத்து நிலவரமாவது தெரிந்திருக்கும். என் வயதுக்காரர்களிடம் அதைத்தான் கேட்கிறேன். நம்மிடம் நேரம் இருக்கிறது, பல ஊர்களில் பழகிய மனிதர்கள் இருக்கிறார்கள். குடும்பக் குழுவில் ஒரு பதற்றமான செய்தி வந்தால், அதை அடுத்தவருக்கு அனுப்புவதற்கு முன், அந்த ஊரில் இருப்பவரை அழைத்து விசாரியுங்கள். பிள்ளைகள் வருத்தப்பட்டாலும், விசாரித்து அறிந்ததை அதே குழுவில் எழுதுங்கள்.