நெடுந்தூர வண்டிக்குக் கூடுதல் பாகங்கள்: எந்த வரிசையில் மாற்றுவது?

ஸ்போர்ட் டூரிங் பைக்கை வடிவமைப்பவர்கள், வளைவுகளில் வேகமாகப் போவதற்கும் நாள் முழுவதும் உட்கார்ந்திருப்பதற்கும் பொதுவானதொரு அமைப்பை, சராசரி உயரமும் எடையும் உள்ள யாரோ ஒருவரை மனத்தில் வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள். அந்த ஒருவரின் அளவு நமக்கும் அப்படியே பொருந்துவது அரிது என்பதால், இந்த வகை வண்டி வாங்கிய பெரும்பாலோர் சில மாதங்களிலேயே சீட், விண்ட்ஸ்கிரீன் (முன்பக்கக் காற்றுத் தடுப்புக் கண்ணாடி), ஹேண்டில்பாரை உயர்த்தும் ரைசர் என்று தேடத் தொடங்கிவிடுகிறார்கள். நானும் அப்படித் தேடியவன்தான். பாகங்களின் தரத்தைவிட அவற்றை மாற்றும் வரிசைதான் முக்கியம் என்பதே இன்று என் கருத்து.

பலரும் முதலில் வாங்குவது உயரமான விண்ட்ஸ்கிரீன். உண்மையில் அதைக் கடைசியாகத்தான் வாங்க வேண்டும். விண்ட்ஸ்கிரீனின் மேல்விளிம்பைத் தாண்டும் காற்று அங்கிருந்து பிரிந்து சுழலாகப் பின்னோக்கி வருகிறது. அந்தச் சுழல் ஹெல்மெட்டின் மீது மோதினால் தலை ஓயாமல் குலுங்கும், இரைச்சலும் கூடும். நம் தலை அந்த விளிம்புக்கு எந்த உயரத்தில் இருக்கிறது என்பதுதான் இங்கே கணக்கு. சீட்டை 20 மி.மீ. உயர்த்தினால் தலையும் ஏறத்தாழ அந்த அளவு உயரும். ரைசர் போட்டு முதுகை நிமிர்த்தினால் இன்னும் உயரும். நேற்றுவரை சரியாக இருந்த கண்ணாடி அப்போது தொல்லையாகிவிடும். எனவே முதலில் சீட், பிறகு ஹேண்டில்பார், உட்காரும் நிலை உறுதியான பின்னரே விண்ட்ஸ்கிரீன்.

அதற்கும் முன்னதாக, செலவில்லாத வேலைகள் இரண்டு இருக்கின்றன. கிளட்ச், பிரேக் லீவர்களை, முன்கையும் புறங்கையும் ஒரே கோட்டில் வரும்படி திருப்பி வைத்தால், மணிக்கட்டு வலியில் ஒரு பகுதி அங்கேயே தீர்ந்துவிடும். பின் சஸ்பென்ஷனின் பிரீலோடையும் (ஸ்பிரிங்கை முன்கூட்டியே அழுத்திவைக்கும் அளவு) நம் எடைக்கேற்பத் திருத்த வேண்டும். ஓட்டுபவர் ஏறி உட்கார்ந்ததும் வண்டி 30 முதல் 40 மி.மீ. வரை இறங்குவது சாலை வண்டிகளுக்குப் பொதுவான அளவு. பிரீலோடு தவறாக இருக்கும்போது முதுகில் வாங்கும் குத்துகளுக்குச் சீட்டைப் பழிப்பது நியாயமில்லை.

சீட்டைப் பொறுத்தவரை, கடையில் கையால் அழுத்திப் பார்த்து மெத்தென்று இருப்பதைத் தேர்ந்தெடுப்பது வீண். மென்மையான ஃபோம் சிறிது நேரத்திலேயே அடிவரை அமுங்கி, நம் எடை முழுவதையும் இடுப்பின் அடியில் உள்ள இரு உட்காரும் எலும்புகளின் மீது ஏற்றிவிடும். ஓரளவு கெட்டியான, அகலமான சீட் முதலில் உறுத்தினாலும், எடையைத் தொடைவரை பரப்புவதால் மாலைவரை தாங்கும். ஜெல் பட்டைகள் வெயிலில் நின்ற வண்டியின் சூட்டை உள்வாங்கி நெடுநேரம் வைத்துக்கொள்ளும் என்பதால் எனக்கு அவற்றின் மீது நம்பிக்கை இல்லை. காற்று புகும் வலை உறை அதைவிட மேல். சீட்டின் சரிவையும் கவனிக்க வேண்டும். அது முன்பக்கம் சரிந்திருந்தால், பிரேக் பிடிக்கும்போதெல்லாம் உடல் டேங்கை நோக்கி வழுக்கும்; அதைத் தடுக்கக் கைகளை ஊன்றுவோம்; கடைசியில் வலிப்பது மணிக்கட்டு. சீட்டைச் சமன்படுத்திக் கொஞ்சம் உயர்த்தினால் இந்தச் சரிவும் தீரும், முழங்கால் மடிப்பும் தளரும். கால் வைக்கும் ஃபுட்பெக்கைத் தாழ்த்தியும் முழங்காலுக்கு இடம் தரலாம்தான். ஆனால் வளைவில் வண்டியைச் சாய்க்கக்கூடிய அளவு குறையும். கால் தரையில் எட்டுமானால் சீட்டை உயர்த்துவதே எனக்குப் பிடித்த வழி.

ரைசர் 20, 30 மி.மீ. உயரத்தில் கிடைக்கிறது. பொருத்திய பிறகு ஹேண்டில்பாரை இருபுறமும் கடைசிவரை திருப்பி, பிரேக் ஹோஸ், கிளட்ச் கேபிள், வயர் கட்டு ஆகியவற்றில் எது விறைத்து நிற்கிறது என்று விரலால் தொட்டுப் பார்க்க வேண்டும். இன்ஜின் ஓடும்போது ஹேண்டில்பாரை முழுதாகத் திருப்பினால் ஆர்.பி.எம். (இன்ஜின் சுழலும் வேகம்) தானாக ஏறினால், ஆக்சிலரேட்டர் கேபிள் இழுபடுகிறது என்று பொருள். அந்த நிலையில் வண்டியைச் சாலைக்குக் கொண்டுபோகவே கூடாது.

இப்போது விண்ட்ஸ்கிரீன். போக்குவரத்து இல்லாத நேரான சாலையில் நிலையான வேகத்தில் போகும்போது, ஒரு கணம் ஃபுட்பெக்கில் சற்றே எழுந்தும், பிறகு சற்றே குனிந்தும் பார்க்கலாம். எழும்போது இரைச்சல் சீரானால், நமக்கு வேண்டியது தாழ்ந்த கண்ணாடி. குனியும்போது அமைதியானால் உயர்ந்த கண்ணாடி. ஆனால் மேல்விளிம்பு பார்வைக் கோட்டுக்குக் கீழேயே இருப்பது நல்லது, ஏனெனில் மழையிலும் இரவிலும் கீறல் விழுந்த பிளாஸ்டிக்கின் ஊடாகச் சாலையைப் பார்ப்பது சிரமம். மிகப் பெரிய கண்ணாடிக்குப் பின்னால் காற்றழுத்தம் குறைந்து, பின்னாலிருந்து காற்று முதுகைத் தள்ளுவதும் உண்டு. கண்ணாடியின் அடியில் காற்று புகச் சிறு இடைவெளி இருந்தால் அது தணியும்.

எந்தக் கண்ணாடி போட்டாலும், மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் ஹெல்மெட்டுக்குள் 90 டெசிபலைத் தாண்டிய இரைச்சல் இருப்பது சாதாரணம். ஆகவே காதடைப்பான் அவசியம். மொத்தப் பட்டியலிலேயே விலை குறைந்ததும், களைப்பை அதிகமாகக் குறைப்பதும் அதுதான்.

சூடாகும் கிரிப்கள் (கைப்பிடிகள்) சுமார் 3 ஆம்பியர் எடுக்கும், அதாவது 12 வோல்ட்டில் 36 வாட். பேட்டரிக்கு அருகில் ஃபியூஸும், சாவியை அணைத்தால் துண்டிக்கும் ரிலேயும் வைத்து இணைத்தால் கவலையில்லை. ஆக்சிலரேட்டரை உராய்வால் பிடித்துவைக்கும் கருவிகளை நான் பொருத்தவில்லை. அவசரத்தில் கை தானாக விடுவிக்க வேண்டிய ஒன்றைப் பூட்டிவைப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

போன் தாங்கியில் ஒரு எச்சரிக்கை. திறன் மிகுந்த மோட்டார் சைக்கிள் இன்ஜின்களின் அதிர்வு ஐபோன் கேமராவின் நடுக்கம் தணிக்கும் அமைப்பைக் கெடுக்கக்கூடும் என்று ஆப்பிள் நிறுவனமே 2021-ல் அறிவித்தது. ரப்பர் வைத்த அதிர்வு தணிப்பானுடன் தாங்கியைப் பொருத்தலாம். நான் வழிகாட்டலுக்கென்று பழைய போன் ஒன்றைத் தனியாக வைத்திருக்கிறேன்.