திரைக்கு வரும் மாயப் புனைவுகளும் இடம்மாறும் கனமும்

மாயப் புனைவு நாவலொன்று திரைப்படமாகி வரும்போது, அந்நாவலை வாசித்தவர்கள் அரங்கை விட்டு வெளியேறும் வேளையிலேயே ஒரு கணக்கெடுப்பைத் தொடங்கிவிடுகிறார்கள். எந்தப் பாத்திரம் விடுபட்டது, எந்த அத்தியாயம் காணாமற்போனது, யாருடைய வசனம் யாருடைய வாய்க்கு மாறியது என்று ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்வார்கள். கொழும்பில் என் வயதையொத்த வாசக நண்பர்களோடு படம் பார்த்துவிட்டுக் காலி வீதியில் நடக்கும்போதெல்லாம் இந்தக் கணக்கைக் கேட்டிருக்கிறேன். அந்தக் கணக்கில் பொய் இல்லை. ஆனால் அளக்க வேண்டியதை அது அளக்கவில்லை என்பது என் உறுதியான எண்ணம். ஒரு நூல் தன் கனம் முழுவதையும் எந்த இடத்தில் இறக்கி வைத்திருக்கிறதோ, அந்த இடத்தைப் படமும் கண்டுகொண்டதா என்பதையே முதலில் கேட்க வேண்டும்.

தமிழ் வாசகர்களுக்கு இந்த அளவுகோல் புதிதன்று. வான்மீகத்தில் இராவணன் சீதையைக் கையால் பற்றித் தூக்கிச் செல்கிறான்; கம்பனிலோ அவள் இருந்த பர்ணசாலையை நிலத்தோடு பெயர்த்தெடுத்துச் செல்கிறான். வில் முறிவதற்கு முன்பே இராமனும் சீதையும் ஒருவரையொருவர் நோக்கும் காட்சியும் கம்பன் சேர்த்ததே. கொழும்பில் நடைபெறும் கம்பன் விழாக்களின் பட்டிமண்டபங்களிலே இத்தகைய மாற்றங்களை மணிக்கணக்கில் விவாதிக்கிறோம். ஆயினும், கம்பன் வான்மீகியைச் சரியாகப் படியெடுக்கவில்லை என்று அங்கு எவரும் குறை சொல்வதில்லை. மாற்றம் எதற்காக நிகழ்ந்தது, அதனால் காவியத்தின் கனம் எந்தப் பக்கம் சாய்ந்தது என்றுதான் கேட்கிறோம். இத்தனை நுட்பமான மரபை உடைய நாம், ஆங்கிலப் படமொன்றைப் பார்த்தவுடன் விடுபட்டவற்றின் பட்டியலோடு நின்றுவிடுவது எனக்கு வருத்தமளிக்கிறது.

இந்த அளவுகோலோடு டோல்கீனின் ‘த லோர்ட் ஒஃப் த ரிங்ஸ்’ நாவலை அணுகிப் பார்க்கலாம். 1954, 1955ஆம் ஆண்டுகளில் மூன்று பாகங்களாக வெளிவந்த அந்த நூலைப் பீற்றர் ஜாக்சன் 2001 முதல் 2003 வரை மூன்று படங்களாக வெளியிட்டார். மூன்றாவது படம் பதினொரு ஒஸ்கார் விருதுகளைப் பெற்றது. தீய வல்லமை கொண்ட மோதிரமொன்றை அழிப்பதற்காக, ஹொபிட் என்ற சிற்றுருவ இனத்தைச் சேர்ந்த ஃப்ரோடோ தோழர்களோடு மேற்கொள்ளும் பயணமே கதை. டொம் பொம்படில் என்ற விசித்திரமான காட்டுவாசியைப் படம் முற்றாக விட்டுவிட்டது. காயமுற்ற ஃப்ரோடோவைத் தேடி வரும் குளோர்ஃபிண்டெல் என்ற எல்ஃப் (மாய இனத்து) வீரனின் இடத்தை அவ்வினப் பெண்ணான ஆர்வென் எடுத்துக்கொண்டாள். இவை இரண்டும் வாசகர்களால் மிகுதியாகப் பேசப்பட்ட மாற்றங்கள். எனினும், பொம்படில் இல்லாமலும் மோதிரத்தின் கதை தன் பாதையிலேயே செல்கிறது. ஆர்வென் வந்ததனால் நூலின் பின்னிணைப்பில் ஒதுங்கியிருந்த காதலொன்றுக்குத் திரையில் உயிர் கிடைத்தது.

வழியில் ஃப்ரோடோவைச் சந்திக்கும் போர்த்தலைவன் ஃபாரமிரின் விடயம் வேறு. நூலில் அவன், அந்தப் பொருள் வீதியோரத்தில் கிடந்தாலும் எடுக்கமாட்டேன் என்று சொல்கிறான். பின்பு அது தன் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதை அறிந்தபோதும் சொன்ன சொல்லில் நிற்கிறான். இரண்டாவது படத்தில் அவன் ஃப்ரோடோவைச் சிறைப்பிடித்து ஒஸ்கிலியாத் நகர் வரை இழுத்துச் சென்ற பின்னரே மனம் மாறுகிறான். ஒருவன் இவ்வளவு இலகுவாக மறுத்துவிட்டால் மோதிரத்தின் வல்லமை மீது பார்வையாளருக்கு ஐயம் எழும் என்பது படக்குழுவினர் சொன்ன காரணம். திரைக்கதை எழுதுபவரின் பக்கமிருந்து பார்த்தால் அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அதிகாரம் கையருகே வந்தும் அதனால் இழுபடாத மனிதர் இருக்க முடியும் என்பதைச் சொல்லவே டோல்கீன் அவனைப் படைத்தார். மோதிரத்தின் மீது ஆசைகொண்டு அண்ணன் போரோமிர் எந்த இடத்தில் வீழ்ந்தானோ, அதே இடத்தில் தம்பி வீழாமல் நிற்பதிலேதான் அந்தப் பாத்திரத்தின் முழு அர்த்தமும் இருக்கிறது.

இதைவிடப் பெரிய இழப்பொன்றைப் பற்றி நான் விரிவாகப் பேச விரும்புகிறேன். நூலின் இறுதியில், போர் முடிந்து ஃப்ரோடோவும் தோழர்களுமாகிய நான்கு ஹொபிட்டுகளும் தம் ஊரான ஷயருக்குத் திரும்பும்போது, அது அவர்கள் விட்டுச் சென்ற ஷயராக இல்லை. மரங்கள் தறிக்கப்பட்டிருக்கின்றன, ஃப்ரோடோவின் உறவினன் பில்போவின் பிறந்தநாள் விருந்து நடந்த மரமும் வீழ்த்தப்பட்டுக் கிடக்கிறது, பழைய ஆலை இருந்த இடத்தில் புகை கக்கும் புதிய ஆலை நிற்கிறது, அண்டை அயலவர்கள் விதிமுறைகளுக்கு அஞ்சி வாய்மூடி வாழ்கிறார்கள். ஊரை மீட்க அவர்கள் மறுபடியும் போராட வேண்டியிருக்கிறது. அப்போதும் ஃப்ரோடோ வாளை உருவாமல், ஹொபிட்டை ஹொபிட் கொல்லக்கூடாது என்பதிலேயே உறுதியாக நிற்கிறான். இந்தப் பகுதி கதையின் இன்றியமையாத அங்கம் என்றும், தொடக்கத்திலிருந்தே தம்மால் எண்ணிவைக்கப்பட்டது என்றும் டோல்கீன் இரண்டாம் பதிப்பின் முன்னுரையில் எழுதினார். படத்தில் இது இல்லை. முதற்படத்தில் எல்ஃப் சீமாட்டி கலாட்ரியெலின் மாய நீர்க்கண்ணாடியில் ஷயர் எரிவது ஒருகணம் தோன்றி மறைகிறது, அவ்வளவே. மூன்றாவது படத்தின் முடிவில் ஊர் பசுமை குன்றாமல் அப்படியே இருக்கிறது.

ஏற்கெனவே மூன்று மணித்தியாலத்தைக் கடந்துவிட்ட ஒரு படத்தில், மோதிரம் அழிந்த பின்பு இன்னொரு போராட்டத்தைத் தொடங்குவது எவ்வளவு கடினம் என்பதை நான் அறிவேன். அதற்கு ஈடாக ஜாக்சன் வைத்த காட்சியையும் மதிக்கிறேன்: நால்வரும் ஊர் மதுச்சாலையில் அமர்ந்திருக்கிறார்கள், சுற்றியிருப்பவர்கள் தத்தம் வேலையில் மூழ்கியிருக்கிறார்கள், எவருக்கும் எதுவும் தெரியாது; நால்வரும் பேசாமல் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள். போருக்குச் சென்று வந்தவர்களின் தனிமையை அது நேர்மையாகவே காட்டுகிறது. ஆனால் வீடு காத்திருக்கும், வீட்டுக்குப் போர் எட்டாது என்ற நம்பிக்கையை அந்தக் காட்சி அப்படியே விட்டுவைக்கிறது. நூல் அந்த நம்பிக்கையைத்தான் உடைக்கிறது.

என் தாயாரின் ஊர் யாழ்ப்பாணத்தின் வலிகாமம் வடக்கில் இருக்கிறது. 1990இல் அங்கிருந்து இடம்பெயர்ந்த எங்கள் உறவினர்கள், பல ஆண்டுகள் கழித்துக் காணி விடுவிக்கப்பட்டபோது திரும்பிச் சென்று, வளவின் எல்லை எது, கிணறு எங்கே, பனைகள் நின்ற வரிசை எது என்று தேடி அலைந்ததை நான் கேட்டு வளர்ந்தேன். அதனால் ஷயர் திரும்பும் அத்தியாயத்தை வாசித்தபோது, ஒரு பிரித்தானியப் பேராசிரியர் எங்கள் வீட்டுக் கதையை எழுதியிருக்கிறார் என்றே எனக்குத் தோன்றியது. நாவலின் மற்ற எல்லா அத்தியாயங்களும் எனக்கு வியப்பைத் தந்தன. இந்த அத்தியாயம் எனக்கு உறவானது. ஈழத்து வாசகர் எவரும் படத்தோடு நின்றுவிடாமல் இந்தப் பகுதியையாவது தேடி வாசிக்க வேண்டும் என்று மனமாரக் கேட்டுக்கொள்கிறேன்.

அதே ஜாக்சன் 2012 முதல் 2014 வரை எடுத்த ‘ஹொபிட்’ படங்கள் எதிர்த்திசையில் தவறின. பில்போவை நாயகனாகக் கொண்டு 1937இல் வெளிவந்த டோல்கீனின் சிறிய நூல் அது. அதன் இறுதிப் பெரும்போரில் பில்போவின் தலையில் கல்லொன்று விழுகிறது, அவன் நினைவிழந்துவிடுகிறான், போரின் முடிவைப் பின்னர் பிறர் சொல்லியே அறிகிறான். போர் தன் கதையின் மையமல்ல என்பதை ஓர் ஆசிரியர் இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. மூன்றாவது படமோ தன் பெயரையே அந்தப் போரிலிருந்து எடுத்துக்கொண்டது. நட்பைக் காக்கவும் போரைத் தடுக்கவும் பில்போ விலையுயர்ந்த மணியொன்றைக் கைவிடும் செயல் படத்திலும் இருக்கிறது; ஆனால் வாள்களின் ஓசையில் அது மங்கிவிடுகிறது.

மிகத் துயரமான எடுத்துக்காட்டு மிஹாயெல் எண்டேயின் ‘முடிவில்லாக் கதை’. ஜேர்மன் மொழியில் 1979இல் வந்த அந்த நாவலை 1984இல் வொல்ஃப்காங் பீற்றர்சன் படமாக்கினார். படம் நூலின் முற்பாதியோடு நின்றுவிடுகிறது. பிற்பாதியில், கதைக்குள் நுழைந்துவிட்ட பாஸ்டியன் என்ற சிறுவன் விரும்பியதெல்லாம் நிறைவேறுகிறது. ஆனால் ஒவ்வொரு விருப்பத்துக்கும் விலையாகத் தன் சொந்த உலகத்தின் நினைவொன்றை அவன் இழக்கிறான். கடைசியில் தன் பெயரையே மறந்துபோகிறான். படத்திலோ, எவ்வளவு விரும்புகிறாயோ அவ்வளவு இந்த உலகம் சிறக்கும் என்று அந்தக் கதையுலகின் அரசி சொல்ல, சிறுவன் பறக்கும் நாகத்தில் ஏறித் தன்னைத் துன்புறுத்திய பையன்களைத் துரத்துகிறான். நூல் எச்சரித்ததைப் படம் பரிசாக வழங்கிவிட்டது. எண்டே வழக்குத் தொடுக்கும் அளவுக்குச் சென்றது எனக்கு மிகையாகத் தோன்றவில்லை.

‘ஹாரி பொட்டர்’ படங்கள் பெரும்பாலும் நூல்களை மரியாதையோடு பின்தொடர்ந்தவை. இறுதிப் படத்தின் முடிவில் மட்டும் எனக்கு மனக்குறை உண்டு. நூலில் கொடிய மந்திரவாதி வோல்டமோர்ட் எல்லோருடைய கண்முன்னே மடிந்து, ஒரு சாதாரண மனிதனின் உடலாகத் தரையில் கிடக்கிறான். அவனும் மனிதனே என்பதுதான் அங்கே வெற்றி. 2011இல் வந்த படத்தில், காண்போர் இல்லாத முற்றத்தில் அவன் துகள்துகளாகிக் காற்றில் கரைகிறான். தான் மற்றவர்களைப் போன்றவன் அல்லன் என்ற அவனது வீம்பு அப்படியே நிலைத்துவிடுகிறது.

நூலை மிகுதியாக மாற்றியும் அதன் கனத்தைத் தவறவிடாத படம் என்று நான் சொல்வது, டயானா வின் ஜோன்ஸ் 1986இல் எழுதிய நாவலிலிருந்து ஹயாவோ மியாசாகி 2004இல் உருவாக்கிய ‘ஹவுல்ஸ் மூவிங் காசில்’. மியாசாகி பெரும் போரொன்றைக் கதைக்குள் கொண்டுவந்தார். மந்திரவாதி ஹவுல் வேல்ஸ் நாட்டிலிருந்து வந்தவன் என்ற சுவையான கிளைக்கதையை அகற்றினார். ஆனால் சாபத்தால் கிழவியாகிவிட்ட நாயகி ஸோஃபியைப் பற்றி நூல் சொல்லும் ஓர் உண்மை இருக்கிறது: ஹவுல் அந்தச் சாபத்தை நீக்கப் பலமுறை முயன்றும் முடியாமற்போக, அவளே அந்த முதுமையை விரும்பி அணிந்திருக்கிறாள் என்ற முடிவுக்கு வருகிறான். இதைப் படத்தில் எவரும் வாய்விட்டு விளக்குவதில்லை. அவள் உறங்கும்போது முகம் இளமையாகிறது. அரண்மனையில் ஹவுலுக்காகத் துணிந்து பேசும்போது முதுகு நிமிர்ந்து, குரல் தெளிந்து, சுருக்கங்கள் மறைகின்றன. தன்னைத் தாழ்த்திக்கொண்ட மறுகணமே அவை திரும்பிவிடுகின்றன. நாவலில் ஒரு வாக்கியமாக இருந்த உண்மை, படம் முழுவதும் அவளது முகத்திலேயே நிகழ்ந்துகொண்டிருக்கிறது.