பாதி டாப் வாங்கறதுக்கு முன்னாடி காத்து எந்தப் பக்கம் வருதுன்னு பாருங்க

திறந்த ஜீப் வச்சிருக்கறவங்க எல்லாருக்கும் ஒரு கட்டத்துல இந்த யோசனை வந்துடும். முழு ஸாஃப்ட் டாப்பை, அதாவது துணிக் கூரையைக் கழட்டி ஓரமா வச்சாச்சு, மேல வானம் மட்டும்தான், ரெண்டு வாரம் அவ்ளோ சந்தோஷமா ஓடும், மூணாவது வாரம் உச்சி வெயில்ல நெத்தி எரியும், பின்கழுத்து தோல் உரியும், அப்பதான் முழுசா மூட வேணாம்ப்பா தலைக்கு மேல மட்டும் ஏதாவது இருந்தா போதும்னு தோணும், அந்த மாதிரி கொஞ்சம் மட்டும் மூடறதைத்தான் பொதுவா பாதி டாப்னு சொல்றேன். தேட ஆரம்பிச்சா பிகினி டாப், சஃபாரி டாப், மெஷ் டாப், ஹாஃப் டாப், விண்ட் ஸ்டாப்பர், டானோ கவர், கேப் கவர்னு வரிசையா வரும், எல்லாமே படத்துல ஒரே மாதிரி கறுப்புத் துணியா இருக்கும், எதை வாங்கறதுன்னு ஒண்ணும் புரியாது. நான் இதுல நாலஞ்சு வருஷமா மாத்தி மாத்திப் போட்டுப் பார்த்துட்டேன், தெரிஞ்சதை எழுதிடறேன், யாருக்காவது ஒரு தப்பான ஆர்டர் மிச்சமானா கூட நல்லது.

என்னோடது 2004 ஜீப் ராங்லர், டிஜேங்கறது 1997-ல இருந்து 2006 வரைக்கும் வந்த ராங்லரோட பேரு. சின்ன வண்டி, வீல்பேஸ், அதாவது முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவுல உள்ள தூரம், 93.4 இன்ச்தான், அதனால மேல போடற துணி ஒரு சாண் கூடினாலும் குறைஞ்சாலும் உள்ள உக்காந்தவங்களுக்கு நல்லாவே தெரியும்.

முதல்ல பேரைத் தெளிவு பண்ணிக்கலாம். பிகினி டாப்னா விண்ட்ஷீல்ட் மேல் விளிம்புல ஆரம்பிச்சு முன் சீட்டுக்குப் பின்னாடி இருக்கற ரோல் பார் (வண்டி கவிழ்ந்தா உள்ள இருக்கறவங்களைக் காப்பாத்தற இரும்புச் சட்டம்) வரைக்கும் போற துணி, முன்னாடி ரெண்டு பேருக்கு மட்டும் நிழல். அதையே பின் சீட் தாண்டி நீட்டினா சஃபாரி டாப், சிலர் எக்ஸ்டெண்டட் பிகினின்னும் சொல்வாங்க. ஹாஃப் டாப்ங்கறது வேற ரகம், முன் சீட்டுக்குப் பின்னாடி செங்குத்தா ஒரு துணிச் சுவரும் அதுல பிளாஸ்டிக் ஜன்னலும் வச்சு, வண்டியை பிக்கப் கேபின் மாதிரி ஆக்கிடும். விண்ட் ஸ்டாப்பர் அந்தச் சுவர் மட்டும் தனியா வர்றது. டானோ கவர் பின்னாடி சாமான் வைக்கிற இடத்தைப் படுக்கை விரிப்பு மாதிரி மேல மூடறது. கேப் கவர் வண்டி நிக்கும்போது மட்டும் போடறது, ஓட்டும்போது இல்ல.

எல்லாரும் முதல்ல வாங்கறது பிகினி டாப்தான், நானும் அப்படித்தான். வெயிலுக்கு அது அருமை, அதுல குறையே சொல்ல மாட்டேன். ஆனா போட்டு முதல் நாள் மண் ரோட்டுல நாப்பது நிமிஷம் ஓட்டிட்டு இறங்கிப் பார்த்தா சட்டையோட முன்பக்கம் சுத்தமா இருக்கு, முதுகுப் பக்கம் காலர்ல இருந்து கீழ வரைக்கும் செம்மண் பூசின மாதிரி இருக்கு, ஹெட்ரெஸ்டோட பின்பக்கத்துல விரலால கோடு போட்டா தடம் விழுது. டாப் இல்லாம ஓட்டினப்ப இவ்ளோ புழுதி வந்ததே இல்ல. மூடினதுக்கு அப்பறம் எப்படி அதிகமாச்சுன்னு எனக்கு ஒரு வாரம் மண்டைக்குள்ள ஓடிட்டே இருந்தது.

அப்பறம் ஒரு ஞாயித்துக்கிழமை உல்லன் நூலை ஒரு சாண் நீளத்துக்குப் பத்துப் பன்னெண்டு துண்டா வெட்டி, ரோல் பார் மேல, ரெண்டு ஹெட்ரெஸ்ட்லயும், பின் சீட் முதுகுல, டெயில்கேட்ங்கற பின் கதவு விளிம்புலன்னு டேப் போட்டு ஒட்டினேன். நண்பன் ஓட்டினான், நான் பக்கத்து சீட்ல பெல்ட் போட்டுக்கிட்டு போனைப் பின்பக்கமா நீட்டி வீடியோ எடுத்தேன். மெதுவாப் போறப்ப நூல் எல்லாம் சும்மா ஆடிட்டு இருந்தது. 60 கிலோமீட்டர் வேகம் தொட்டதும் ரோல் பார் மேல இருந்த நூல் எல்லாம் நாம எதிர்பார்க்கற மாதிரி பின்னாடி பறந்தது, ஆனா ஹெட்ரெஸ்ட்ல இருந்ததும் பின் சீட்ல இருந்ததும் நேரா முன்னாடி விண்ட்ஷீல்டைப் பார்த்து நீட்டிக்கிட்டு நின்னுச்சு! வீடியோவை நாலு தடவை ஓட்டிப் பார்த்தேன், சந்தேகமே இல்ல, காத்து பின்னாடியிருந்து முன்னாடி வருது.

காரணம் சிக்கலானது இல்லீங்க. பெட்டி மாதிரி இருக்கற வண்டி ஓடும்போது அதுக்குப் பின்னாடி காத்தழுத்தம் குறைஞ்ச ஒரு இடம் உருவாகும், டயர் கிளப்பற புழுதி அந்த இடத்துல சுழலும். விண்ட்ஷீல்ட் மேல ஏறிப் போற காத்து வண்டிக்குள்ளயும் அழுத்தத்தைக் குறைச்சுடும், அந்தக் குறையை நிரப்ப பின்பக்கத் திறப்பு வழியா காத்து உள்ள இழுக்கப்படும், கூடவே புழுதியும். மேல துணி போட்டாச்சுன்னா மேல் வழி அடைபட்டுப் போகுது, பின் வழி மட்டும்தான் பாக்கி, அதனால மொத்த இழுப்பும் அங்கதான். புழுதி மட்டும் இல்ல, சைலன்சர் புகையும் அதே வழியா வரும், இதை நான் அழுத்திச் சொல்றேன், மேல மூடிப் பின்னாடி திறந்த வண்டியில ரொம்ப நேரம் போறப்ப புகை வாசனை வந்தா அலட்சியம் பண்ணாதீங்க, கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது, புகை வாசனை வருதுன்னா அதுவும் கூடவே வருதுன்னு அர்த்தம். சைலன்சர் பைப் ஓட்டை இல்லாம இருக்கா, அதோட வாய் வண்டி அடியிலயே நிக்காம பாடியைத் தாண்டி வெளிய நீட்டிட்டு இருக்கான்னு ஒரு தடவை குனிஞ்சு பார்த்துடுங்க.

அதனால என் அபிப்பிராயம், பிகினி டாப்பும் விண்ட் ஸ்டாப்பரும் ஜோடி, ஒண்ணை மட்டும் வாங்க காசு இருக்குன்னா பரவால்ல பிகினியை வாங்குங்க, ஆனா அடுத்த காசு விண்ட் ஸ்டாப்பருக்குன்னு எடுத்து வச்சிடுங்க. நான் அதை மாட்டிட்டு அதே நூலை வச்சு அதே ரோட்டுல திரும்பப் போனேன், ஹெட்ரெஸ்ட் நூல் தொங்கிட்டே லேசா நடுங்குச்சு, அவ்ளோதான். பேசறது காதுல விழுந்தது, குளிர் காலத்துல ஹீட்டர் சூடு முழங்கால் வரைக்கும் நின்னுச்சு. குறைன்னா பின் சீட்ல ஆள் உக்கார முடியாது, உக்காந்தாலும் அவங்க சுவருக்கு அந்தப் பக்கம் மொத்தப் புழுதியையும் வாங்கிக்கிட்டு உக்காரணும். பின்னாடி பிள்ளைங்களை உக்கார வைக்கறவங்க இதை வாங்கவே வேணாம், சஃபாரி டாப் போட்டுட்டு மண் ரோட்டுல வேகத்தைக் குறைச்சுக்கோங்க, அதுதான் சரி.

இப்ப ஃபிட்டிங் விஷயம், இதுலதான் நிறையப் பேர் காசை விடறாங்க. மாடல் பேரை மட்டும் பார்த்து ஆர்டர் பண்ணாதீங்க, வருஷத்தைப் பாருங்க. ஒரே பேர்ல வர்ற வண்டிக்குள்ளயே ரோல் பார் மாறியிருக்கும். டிஜேக்கு முந்தின ராங்லரான வைஜே வச்சிருக்கீங்கன்னா 1987-ல இருந்து 91 வரைக்கும் ஒரு பார், 92-ல பின் சீட்டுக்குத் தோள் பெல்ட் வந்தப்ப பார் பின்னாடி நீண்டுடுச்சு, அதனால 92 முதல் 95 வரைக்கும் வேற டாப். டிஜேல 1997 முதல் 2002 ஒரு அளவு, 2003 முதல் 2006 வேற அளவு. டிஜேக்கு அடுத்து வந்த ஜேகேல 2007 முதல் 2009 தனி, 2010-ல இருந்து தனி. 2004-ல வந்த நீள டிஜே அன்லிமிடெட் வீல்பேஸ்ல 10 இன்ச் அதிகம், அதுக்குச் சாதா டிஜே டாப்பை மாட்டினா எங்க உக்காரணுமோ அங்க உக்காராது. எனக்கு வந்த முதல் டாப் பெட்டியில் "1997–2006"னு போட்டிருந்தது, மாட்டிப் பார்த்தா பின் ஸ்ட்ராப் பாரோட வளைவுல வந்து முட்டுது, எவ்ளோ இழுத்தாலும் நடுவுல தொய்வு. வித்தவங்க கிட்ட கேட்டா எல்லாத்துக்கும் பொருந்தும்னு சொல்லிட்டாங்க. பொருந்தறதுக்கும் மாட்ட முடியறதுக்கும் வித்தியாசம் இருக்குங்க. துணி பார் மேல இருக்கற ஸ்பாஞ்ச் உறையைத் தொட்டுக்கிட்டு விறைப்பா நிக்கணும், ஒரு உள்ளங்கை போற இடைவெளி இருந்தாலே வேகத்துல மேளம் அடிக்கிற மாதிரி படபடன்னு அடிச்சு ஒரு மணி நேரத்துல தலைவலி வந்துடும்.

முன்பக்கம் விண்ட்ஷீல்ட் சட்டத்துல துணி எப்படிப் பிடிக்குதுங்கறதும் முக்கியம். பழைய முறை, சட்டத்துல ஓட்டை போட்டு ஒரு அலுமினிய சேனலை ஸ்க்ரூ பண்ணி அதுக்குள்ள துணி விளிம்பை நுழைக்கறது. நல்லா இறுக்கமா நிக்கும், ஆனா ஓட்டை போட்ட ஒவ்வொரு இடமும் துரு பிடிக்கக் காத்திட்டு இருக்கற இடம். ஏற்கனவே சேனல் உள்ள செகண்ட்ஹேண்ட் வண்டின்னா ஸ்க்ரூவைக் கழட்டி ஓட்டைக்குள்ள பெயிண்ட் தொட்டு, சிலிகான் வச்சு மறுபடி மாட்டுங்க. ஓட்டை போடாம கிளாம்ப்ல பிடிக்கிற சேனலும் இருக்கு, என்னோடது இப்ப அதுதான், மூணு வருஷமா நகரல. சேனலே இல்லாம ஸ்ட்ராப்பை மட்டும் சுத்திக் கட்டுற டாப் விலை கம்மியா வரும், ஆனா விண்ட்ஷீல்டுக்கும் துணிக்கும் நடுவுல காத்து நுழைஞ்சு துணியை பலூன் மாதிரி தூக்கும், ஹைவேயில ஓட்டறவங்க அந்தப் பக்கமே போக வேணாம்.

துணி எதுன்னு கேட்டா, மழையும் வேணும் வெயிலும் வேணும்னா வினைல், இல்லன்னா அக்ரிலிக் ட்வில், வெயில் மட்டும்னா மெஷ், அதாவது வலைத் துணி. வினைல் கழுவறது சுலபம், விலையும் கட்டுப்படியாகும், குளிர்ல விறைச்சு சுருங்கும். ட்வில்னா மேல ஒரு துணி, நடுவுல ரப்பர், கீழ ஒரு துணின்னு மூணு அடுக்கா வரும், சத்தம் குறைவு, நிறமும் சீக்கிரம் வெளுக்காது, காசு ஜாஸ்தி. மெஷ் எனக்கு ரொம்பப் பிடிச்சது, காத்து உள்ள புகுந்து வெளிய போயிடறதால படபடப்பே இல்ல, கறுப்பு மெஷ்ஷா வாங்கினா உள்ளேயிருந்து வானம் தெரியும், வெள்ளை மெஷ் கண்ணைக் கூசும். ஆனா மழை வந்தா சல்லடை, அதுல மறுபேச்சே இல்ல.

துணியைவிட நூலைப் பாருங்கன்னு சொல்வேன். வெயில் முதல்ல சாப்பிடறது தையல் நூலைத்தான், துணி நல்லா இருக்கும்போதே தையல் பிரிஞ்சுடும். ஸ்ட்ராப் சேர்ற இடத்துல குறுக்கும் நெடுக்கும் பெட்டி மாதிரி தைச்சிருக்காங்களா, விளிம்பு ரெண்டு மடிப்பா இருக்கா, இவ்ளோ பார்த்தா போதும். வெல்க்ரோவை மட்டும் நம்பி இருக்கற டாப் புழுதி ஏறினதும் பிடிக்காது, கூட ஒரு பக்கிள் இருக்கணும். இறுக்கின பிறகு மீதி ஸ்ட்ராப் வாலை மடிச்சு ரப்பர் பேண்ட் போடுங்க, எனக்கு ஒரு தடவை அந்த வால் காத்துல அடிச்சு அடிச்சே கதவுக்குப் பின்னாடி பெயிண்ட்ல கட்டைவிரல் அகலத்துக்கு வெள்ளையா கீறி விட்டுடுச்சு.

வினைல் டாப்பை முதல் தடவை மாட்டறப்ப 22 டிகிரிக்கு மேல இருக்கற நாளாப் பார்த்து, மாட்டறதுக்கு முன்னாடி வெயில்ல அரை மணி நேரம் விரிச்சுப் போடுங்க. சூட்டுல இளகித் துணி நல்லா நீளும், அப்ப இறுக்கினாதான் தொய்வு வராது. குளிர்ல மாட்டினா எட்டவே எட்டாது, அளவு தப்புன்னு நினைச்சுத் திருப்பி அனுப்பிடுவீங்க.

மழை பத்தி. பாதி டாப் மழைக்குக் குடை, வீடு இல்ல. ஓடிட்டு இருக்கும்போது தூறல்னா முன்னாடி ரெண்டு பேர் நனையாம போயிடலாம், சிக்னல்ல நின்னா ரெண்டு பக்கமும் சாரல் அடிக்கும். ஒரு ராத்திரி டாப்போட வண்டியை வெளிய விட்டுட்டேன், காலையில பார்த்தா துணி நடுவுல தண்ணி தேங்கி நிறைமாசக் கர்ப்பிணி வயிறு மாதிரி கியர் லிவர் வரைக்கும் தொங்குது. கீழிருந்து கையால தூக்கினதும் மொத்தமும் டிரைவர் சீட்ல கொட்டிடுச்சு. துணி அன்னிக்கு இழுபட்டது இழுபட்டதுதான், பழைய விறைப்பு வரவே இல்ல. ராத்திரி நிறுத்தறப்ப ஒரு பக்க ஸ்ட்ராப்பை லூஸ் பண்ணி சரிவா விட்டுட்டா தண்ணி ஓடிடும்.

நிறுத்தி வைக்க கேப் கவர் தனியா வாங்கிடுங்க, மடிச்சா ஒரு பை அளவுதான், டாப்புக்கு மேலயே போடலாம். சுத்தமா தண்ணி புகாததுன்னு விளம்பரம் பண்றதை விட ஆவி வெளிய போற ரகம் நல்லது, ஏன்னா ஈரக் கார்பெட்டோட இறுக்கி மூடினா ரெண்டு நாள்ல பூஞ்சை வாசனை வந்துடும். ராங்லர் தரையில வடிகால் அடைப்பான் இருக்கு, கார்பெட்டைத் தூக்கிட்டு அதைக் கழட்டி விட்டீங்கன்னா தண்ணி இறங்கிடும், திரும்ப மாட்ட மறந்துடாதீங்க.

டானோ கவர் சாமானை மறைக்கும், பூட்டாது. விலை உள்ளதை அதுக்குக் கீழ வச்சுட்டுப் போகாதீங்க. டெயில்கேட் மேல நிக்கிற பார் அதுகூட வருதான்னு பார்த்துக்கோங்க, பல செட்ல அது தனியாத்தான் வாங்கணும்.

ஜன்னல் பிளாஸ்டிக்கை எப்பவும் தண்ணி ஊத்தி மண்ணை இறக்கிட்டு அப்பறம்தான் துடைக்கணும், காஞ்ச துணியால ஒரு தடவை துடைச்சாலும் வட்ட வட்டமா கீறல் விழும், அமோனியா கலந்த கண்ணாடி கிளீனர் பட்டா மஞ்சளாகி மங்கிடும். ஈரத்தோட சுருட்டி வைக்கறதும் கூடாது. ஜிப்புக்கு மெழுகுவத்தியைத் தேச்சு விடுங்க.

இப்ப என் வண்டியில வெயில் மாசங்கள்ல கறுப்பு மெஷ், மத்த நேரம் ட்வில் பிகினியும் விண்ட் ஸ்டாப்பரும் இருக்கு. விண்ட் ஸ்டாப்பரோட இடது மேல் மூலை வெல்க்ரோ பிடி விட்டுடுச்சு, வர்ற சனிக்கிழமை அதைப் பிரிச்சுட்டு பக்கிள் வச்சுத் தைக்கப் போறேன், மாட்டினதும் மறுபடி நூல் ஒட்டி ஒரு ரவுண்டு போகணும்.