ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 பைக்கில் சைலன்சர் மாற்றும்போது

சென்னை புதுப்பேட்டையிலோ ஜி.பி. ரோட்டிலோ முழு சைலன்சர் சிஸ்டம் வாங்கினால், கூடவே புது கேஸ்கெட் (எஞ்சினும் பைப்பும் சேரும் இடத்தை அடைக்கும் வளையம்) ஒன்றும் கேளுங்கள். ஸ்லிப்-ஆன், அதாவது பின்பக்க சைலன்சர் மட்டும் என்றால், எஞ்சினிலிருந்து வளைந்து வரும் பெண்ட் பைப்பைத் தொடவே வேண்டாம். கிளாம்ப், மவுண்ட் போல்ட் கழற்றினால் போதும். பெண்ட் பைப்போடு முழு சிஸ்டம் என்றால்தான் பழைய கேஸ்கெட்டுக்கு வேலை முடிந்தது. ஒருமுறை நசுங்கியது மறுபடி சரியாக அடைக்காது.

எஞ்சின் நன்றாக ஆறட்டும். திருவொற்றியூர், பெசன்ட் நகர் பக்கம் ஓடும் வண்டிகளில் உப்புக்காற்றால், எஞ்சின் ஹெட்டில் பைப்பைப் பிடிக்கும் ஸ்டட்களின் (தலையில்லாத போல்ட்) நட்டுகள் துருவேறியிருக்கும். முந்தின நாள் இரவே துரு இளக்கும் ஆயில் அடித்துவிடுங்கள். முரட்டுத்தனமாகத் திருகினால் ஸ்டட் ஹெட்டோடு உடையும். பிறகு லேத்துக்குத்தான் அலைய வேண்டும். பிஎஸ்6 வண்டியில் ஆக்சிஜன் சென்சார் ஒயர் முறுக்கிக்கொள்ளாமல் முதலில் கனெக்டரைப் பிரியுங்கள்.

எல்லாவற்றையும் கைவிரலால் மட்டும் மாட்டி, பைப் இழுபடாமல் உட்கார்ந்த பிறகே முறுக்குங்கள்: முதலில் ஹெட் பக்கம், இரண்டு நட்டையும் மாறி மாறி, அடுத்து கிளாம்ப், கடைசியில் மவுண்ட். வரிசை மாறினால் பிராக்கெட்டில் விரிசல் விழலாம்.

ஸ்டார்ட் செய்யும் முன் குரோமைத் துடைத்துவிடுங்கள், விரல் ரேகை சூட்டில் அப்படியே படிந்துவிடும். ஸ்டார்ட் செய்ததும் ஜாயின்ட்டில் சோப்புத் தண்ணீர் தடவினால் கசிவு குமிழியாகத் தெரியும். த்ராட்டில் விட்டதும் பட்பட்டென்று வெடித்தால் அங்கே காற்று உள்ளே போகிறதா என்று பாருங்கள்.

175 சிசிக்கு மேற்பட்ட வண்டிக்குத் தயாரிப்பு நிலையிலேயே ஒலி வரம்பு 80 டெசிபல். பேஃபிளை (சைலன்சருக்குள் சத்தத்தைக் குறைக்கும் பாகம்) உருவிய வண்டி சிக்னலில் தானாகவே போலீஸைக் கூப்பிடும்.