மிக்ஸ் சிடியிலிருந்து பாட்டை உருவி செட்டில் போட்ட அனுபவம்

ஒரு பாட்டு முடிவதற்குள் அடுத்தது நுழைந்து, இடைவெளியே இல்லாமல் கடைசிவரை ஓடும் தொகுப்பு சிடிகள் என்னிடம் நிறைய இருக்கின்றன. கேட்பதற்கு அருமை. ஆனால் நேரடி டிஜே செட்டில் அவற்றிலிருந்து ஒரு பாட்டை மட்டும் உருவிப் போடுவது வேறு வேலை. தலையிலும் வாலிலும் இன்னொரு பாட்டு ஒட்டிக்கொண்டிருக்கும். தனியாக வாங்கிவிடலாமே என்றால், சில பதிப்புகள் அந்த சிடியை விட்டால் கிடைப்பதே இல்லை.

முதலில் சிடியைக் கணினிக்கு மாற்றினேன். டிராக் டிராக்காக எடுக்காமல், முழு சிடியையும் தரம் குறையாத ஒரே ஃப்ளாக் கோப்பாக, எந்த டிராக் எங்கே தொடங்குகிறது என்று குறிக்கும் க்யூ ஷீட்டோடு எடுத்தேன். மிக்ஸ் சிடியில் டிராக் எண் என்பது ஓடும் ஒலியின் மேல் வைத்த அடையாளம் மட்டுமே. சிலர் அதைப் புதுப் பாட்டு மெல்லத் தலைகாட்டும் இடத்தில் வைக்கிறார்கள், சிலர் பழைய பாட்டு முழுதாக விலகிய பிறகு வைக்கிறார்கள். பின்னதில், 7-ஆம் பாட்டின் தொடக்கம் 6-ஆம் டிராக்கில் கிடக்கும். தனித்தனி எம்பி3 ஆக எடுத்தால் ஒவ்வொரு கோப்பின் முன்னும் பின்னும் நூலளவு மௌனம் சேர்ந்துகொள்ளும், ஒட்டும் இடத்தில் தாளம் தடுக்கும். அதோடு சிடியில் ஒரு விநாடி 75 துண்டுகள்தான், டிராக் எல்லை அந்தத் துண்டுகளின் ஓரத்தில்தான் விழ முடியும். அதாவது 13 மில்லி விநாடிவரை பீட்டிலிருந்து விலகி இருக்கலாம். அதனால் டிராக்கின் தொடக்கத்தை முதல் பீட் என்று நம்பாமல், பாட்டு தொடங்க வேண்டிய க்யூ புள்ளியைக் கிக் டிரம் அடியின் மேல் நானே வைத்தேன்.

அப்புறம்தான் முக்கியமான வேலை: பாட்டு தனியாக ஒலிக்கும் பகுதியைக் கண்டுபிடிப்பது. 128 பிபிஎம்மில் (நிமிடத்துக்கு 128 பீட்) 32 பார் (ஒரு பாருக்கு 4 பீட்) என்பது சரியாக ஒரு நிமிடம். ஒருவர் அவ்வளவு நீளமாக மிக்ஸ் செய்திருந்தால், நாலரை நிமிட டிராக்கில் இரு முனையும் போக இரண்டரை நிமிடம்தான் மிஞ்சும். அலைவடிவத்தைப் பார்த்து இதைச் சொல்ல முடியாது. ஹெட்ஃபோனில் ஹை-ஹாட் என்னும் டிரம்ஸ் தாளத்தட்டின் சத்தத்தைக் கவனித்துக் கேட்டேன். பழைய பாட்டின் பேஸை முன்கூட்டியே வெட்டிவிடுவார்கள், ஹை-ஹாட்தான் கடைசிவரை ஒட்டிக்கொண்டிருக்கும். அது போன இடத்தில் ஒரு ஹாட் க்யூ (பொத்தானை அழுத்தினால் தாவிச் செல்லும் குறி), அடுத்த பாட்டின் முதல் சத்தத்துக்குச் சற்று முன்னால் இன்னொன்று. இரண்டாவது புள்ளியைத் தாண்டி அந்த டெக் (பாட்டு ஓடும் பிளேயர்) ஓடக்கூடாது.

இண்ட்ரோ இல்லாத பாட்டை எப்படி உள்ளே கொண்டுவருவது? லூப்தான் விடை, அதாவது ஒரு துண்டையே திரும்பத் திரும்பச் சுழலவிடுவது. அந்தத் தனிப் பகுதிக்குள் குரல் இல்லாத, டிரம்ஸ் மட்டும் ஓடும் 8 பாரைத் தேடி எடுத்தால் 15 விநாடி கிடைக்கிறது. அதை நான்கு முறை சுழலவிட்டால் ஒரு நிமிட இண்ட்ரோ. இரண்டாவது சுற்றிலிருந்து ஃபில்டரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தால் சுழற்சி காதை உறுத்துவதில்லை. வெளியே போகவும் இதே வழி. குரல் தேய்ந்த இடத்தில் 4 பார் லூப், பேஸை வெட்டு, ஃபேடரை இறக்கு.

ஸ்டெம் பிரிப்பையும், அதாவது கலந்த ஒலியை அடுக்கடுக்காகப் பிரிப்பதையும், டெமக்ஸ் மென்பொருள் கொண்டு செய்து பார்த்தேன். இரண்டு பாட்டின் கிக்கும் ஒரே டிரம்ஸ் ஸ்டெமில்தான் வந்து விழும். அது குரல், டிரம்ஸ், பேஸ் என்று பிரிக்குமே தவிர, இந்தப் பாட்டு அந்தப் பாட்டு என்று பிரிக்காது. ஆனால் ஒரு நல்ல விஷயம் கிடைத்தது. இரண்டில் ஒன்றுக்கு மட்டும் குரல் இருந்தால், மேற்பொருந்திய இடத்திலும் அந்தக் குரல் ஓரளவு சுத்தமாக வந்துவிடுகிறது. அதை என் ஓடும் பாட்டின் மேல் மிதக்கவிட்டு, தனிப் பகுதியில் முழுப் பாட்டையும் இறக்கினால் அருமையாக உட்காருகிறது.

ஸ்கேல் விஷயத்தில் கவனம் தேவை. தொகுத்தவர் 125 பிபிஎம் பாட்டை 128-க்கு ஏற்றியிருக்கலாம். கீ-லாக் (வேகம் மாறினாலும் சுருதியை மாறாமல் வைப்பது) இல்லாமல் ஏற்றியிருந்தால் சுருதியும் சுமார் 0.4 செமிடோன் (அரைச் சுரம்) ஏறியிருக்கும். சாஃப்ட்வேர் ஏதோ ஒரு ஸ்கேலைக் காட்டும், ஆனால் மெலடி நிறைந்த பாட்டோடு சேர்த்தால் காது கூசும். வெட்டிய துண்டை முதலில் கீ-லாக் இல்லாமலே வேகம் குறைத்துப் பழைய 125-க்கே கொண்டுவந்து சேமித்தேன். பிறகு கீ-லாக் போட்டு 128-இல் ஓட்டினால் சுருதி சேர்ந்துவிடுகிறது. ஆட்டோ-கெயினும் (ஒலி அளவைத் தானே சமன்செய்வது) ஸ்கேல் ஆய்வும் இந்தத் துண்டுக்கு மட்டும்தான். முழு சிடிக் கோப்புக்குச் செய்தால் அர்த்தமே இல்லை.

இப்படித் தயாரித்த பாட்டுகளை ஒரு செட்டில் போட்டேன். லூப் வழியாக நுழைந்தவை எதுவும் தடுக்கவில்லை. தனிப் பகுதி ஒன்றரை நிமிடத்துக்குக் குறைவாக இருந்தவற்றைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டேன், அடுத்ததைத் தேடிக் கலப்பதற்குள் முடிந்துவிடும். இரண்டு பாட்டும் சேரும் அந்த இணைப்பை அப்படியே போடச் சொன்ன நண்பரும் உண்டு. அது தொகுத்தவரின் கைவேலை. என் பெயரில் ஓடும் செட்டில் அதை ஓட்ட எனக்கு மனமில்லை.

அடுத்து, வினைலில் மிக்ஸ் செய்து பதிந்த பழைய சிடிகளை எடுக்கப் போகிறேன். அவற்றில் வேகம் நிலையாக நிற்காது, பீட் எங்கெங்கே விழுகிறது என்று காட்டும் பீட்கிரிட்டைப் பல இடங்களில் கையால் நங்கூரமிட வேண்டும். லூப் எடுக்கும் 8 பாரை மட்டுமாவது ஆடியோ எடிட்டரில் நேராக்கிவிட்டால் மீதியை பிளேயரின் ஜாக் வீல் சக்கரத்தில் தள்ளிச் சமாளிக்கலாம் என்று நினைக்கிறேன்.